ஆவடி டேங்கும் தூங்காத சிப்பும்

ஆவடின்னாலே பலருக்கு முதலில் ஞாபகம் வருவது டேங்க்தான். 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, விஜயந்தா, அர்ஜுன்... ஆனா இன்னைக்கு நாம பேசப்போறது அந்த டேங்க் இல்லைங்க. மொட்டைமாடியில் வெயில் காயும் தண்ணீர் டேங்க்.

ஆவடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி மெயில் அனுப்பியிருந்தாங்க. அவங்க அபார்ட்மென்ட்டுக்காக, தண்ணீர் மட்டம் காட்டும் சின்னக் கருவி ஒண்ணு செஞ்சிருக்காங்க. ஒரு சென்சார், ஒரு ஈஎஸ்பி8266 போர்டு, ஒரே ஒரு 18650 லித்தியம் செல். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை விழித்து, மட்டத்தை அளந்து, வைஃபையில் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். கணக்குப்படி ஒரு வருஷம் ஓடணும். பதினைந்து, பதினாறு நாளில் செத்துப்போகுது. எட்டு வீட்டுக்காரங்க காசு போட்டிருக்காங்க. மாசத்துக்கு ரெண்டு தடவை மாடியேறி செல் மாற்ற ஒருத்தரும் தயாரில்லை. "ரிச்சி தெருவில் வாங்கின செல் டூப்ளிகேட்டா இருக்குமா?" இதுதான் கேள்வி.

டூப்ளிகேட் செல் புழங்குவது உண்மைதான். ஆனா இங்கே செல்லைத் திட்டுவதற்கு முன்னாடி போர்டைத் திருப்பிப் பாருங்க. பெரும்பாலும் அதில் மூன்று கால் வைத்த ஒரு கறுப்புச் சிப் இருக்கும். ஏஎம்எஸ்1117. செல் தரும் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. போர்டு தூங்கினாலும் அது தூங்காது. சும்மா இருக்கவே சுமார் 5 மில்லி ஆம்பியர் குடிக்கும். ஸ்டாண்டில் டிரைவர் தூங்க, எஞ்சின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும் ஆட்டோ மாதிரி.

கணக்குப் போடலாம். ஒரு தடவை விழித்தால் 5 செகண்ட், சராசரி 80 மில்லி ஆம்பியர்னு வைங்க. நாளுக்கு 48 தடவை. மொத்தம் ஐந்தே கால் மில்லி ஆம்பியர்-மணி. கருவி செய்யும் உண்மையான வேலைக்கு அவ்வளவுதான் செலவு. சிப் சும்மா குடிப்பது? ஐந்தை இருபத்து நாலால் பெருக்கினால் 120! ஒரு 2500 மில்லி ஆம்பியர்-மணி செல், 20 நாள்.

அந்த 20 நாளும் முழுசாகக் கிடைக்காது. இந்தச் சிப்புக்கு உள்ளே வருவது, வெளியே போவதைவிட ஏறக்குறைய 1.1 வோல்ட் அதிகமாக இருக்கணும். செல் 3.6-க்கு இறங்கினா போர்டுக்கு மிச்சம் இரண்டரை வோல்ட்தான். வைஃபை ஆன் ஆகும்போது தடுமாறி ரீசெட் ஆகும். பழி செல் மேலே விழும்.

"அப்போ நல்ல பக் கன்வெர்ட்டர் போடலாமா?" கேட்பீங்க. சாதாரண ரெகுலேட்டர் அதிகப்படியான வோல்ட்டை வெறும் சூடாக்கி வீணடிக்கும். பக் கன்வெர்ட்டர் காயில் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, தேவையான அளவு மட்டும் மொண்டு கொடுக்கும். பூஸ்ட் கன்வெர்ட்டர் அதே காயிலை வைத்து மேலே ஏற்றும். 12 வோல்ட்டை 3.3 ஆக்க பக் அவசியம். ஆனா 3.7-லிருந்து 3.3-க்கு ரெகுலேட்டரே கிட்டத்தட்ட 89 சதவீதம் தேறும். பாக்கெட்டில் போட்டிருக்கும் "95 சதவீதம்" முழு வேலை நேரத்துக்கான எண். நம்ம கருவி நாளெல்லாம் தூங்குது. பார்க்க வேண்டியது டேட்டாஷீட்டில் "குவைசன்ட் கரண்ட்" என்ற வரி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்62840 என்ற பக் சிப்பில் அது 60 நானோ ஆம்பியர்! நம்ம மூன்று கால் ஆசாமி குடிப்பதில் எண்பதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனா கையால் சால்டர் பண்ண முயற்சி செஞ்சா கண்ணீர் வரும், அவ்வளவு பொடிசு.

இவங்களுக்கு எளிய வழி, மைக்ரோசிப் கம்பெனியின் எம்சிபி1700, 3.3 வோல்ட் வகை. இதுவும் மூன்று கால்தான், சும்மா இருக்கும்போது 1.6 மைக்ரோ ஆம்பியர். 250 மில்லி ஆம்பியர்தான் தாங்கும், அதனால வைஃபை திடீர்னு இழுக்கும்போது சமாளிக்க வெளியீட்டில் 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்க. முழு போர்டை விட்டுட்டு வெறும் ஈஎஸ்பி மாட்யூலை எடுங்க. போர்டில் இருக்கும் யுஎஸ்பி சிப்பும் பவர் எல்இடியும்கூட கரண்ட் தின்னும். மாட்யூல் தூங்கும்போது சுமார் 20 மைக்ரோ ஆம்பியர். எல்லாம் சேர்த்து நாளுக்கு ஆறு மில்லி ஆம்பியர்-மணிக்குள் அடங்கும். சென்சாரையும் தூங்கும்போது அணைச்சிட்டா, ஒரு வருஷம் தாண்டும்.

பூஸ்ட் மாட்யூல்னு கேட்டா கடையில் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது எம்டி3608 போட்ட மாட்யூல். ரெண்டு பென்சில் செல்லோடு வாங்குறவங்க கவனிங்க: உள்ளே குறைந்தது 2 வோல்ட் வேண்டும், வெளியே 28 வரை ஏறும். திருகைச் சரிபண்ணி, மல்டிமீட்டரில் 3.3 பார்த்துட்டு அப்புறம் இணைங்க. பார்க்காமல் இணைச்சா போர்டு அதோட சரி.

இன்னொண்ணு. செல்லை டேங்க் மூடி மேலே வைக்காதீங்க. மே மாச மொட்டைமாடி லித்தியத்துக்கு ஆகாது. படிக்கட்டுத் தலைப்பில் நிழல் இருக்கும், ஒயரை அங்கே இழுத்துக்கலாம்.