சீமைச் சட்டக் கல்வி

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்யாசம்)



பிரிட்டனில் சட்டம் பயில விழையும் நம் பிள்ளைகளுக்கு ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் கிட்டாவிடின், பெற்றோர் முகம் வாடுவதை யாம் காண்கின்றோம். அவ்வாட்டம் வேண்டுவதில்லை.

2021 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஸொலிசிட்டர் தொழிலுக்கெனப் பொதுப் பரீக்ஷை ஏற்பட்டுளது. ஆக்ஸ்போர்டில் பயின்றவரும் லெஸ்டரில் பயின்றவரும் அதனையே எழுதுவர். ஈராண்டுத் தொழிற்பயிற்சியும் இருவர்க்கும் ஒன்றே. கப்பல் வாணிபச் சட்டத்திற்கோ, வேல்ஸிலுள்ள ஸ்வான்ஸீ சர்வகலாசாலை தனிப்புகழ் வாய்ந்தது.

ஆயினும், பணங்கட்டுமுன் மூன்று விஷயங்களை விசாரித்தறிதல் அவசியம். ஸ்காட்லாந்துச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தினின்று வேறுபட்டது. டண்டீ சர்வகலாசாலையில் இரண்டும் போதிக்கப்படுவதால், எதனிற் சேர்கின்றோமெனத் தெளிதல் முதலாவது. அப்பட்டத்தை இந்தியப் பார் கவுன்ஸில் அங்கீகரித்துளதா என்பது இரண்டாவது. அங்கீகாரம் இருப்பினும், தாயகம் திரும்பியோர் தகுதிப் பரீக்ஷையில் தேறிய பின்னரே வக்கீலாகப் பதிவு பெறுதல் இயலும். மூன்றாவது செலவு, லண்டன் வாடகையினும் சிறு நகர வாடகை பெரிதும் குறைவு.

நிலத்தை ஈடுவைத்தும் நகையை விற்றும் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் நம்மிற் பல. கீர்த்தி நோக்கிக் கடன் வளர்ப்பதை விடுத்து, பயன் நோக்கித் தெரிவு செய்வோமாக.