அண்ணன் விட்ட அஞ்சாம் கிளாஸ்



விருதுநகர்க்காரன் படிப்பைப் பற்றிப் பேச எழுந்தால் காமராசரில்தான் ஆரம்பிப்பான். நானும் அப்படியே. பிடி அரிசியில் வளர்ந்த சத்திரிய வித்தியாசாலையில் படித்தவர், பன்னிரண்டு வயதுவாக்கில் மாமாவின் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார். அவர்தான் 1956-ல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டார்.

எங்கள் வீட்டுக்குச் சோறு மட்டும் போதவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் அப்பா வாங்கின அட்வான்ஸ் கழியணுமே! அண்ணன் அஞ்சாம் கிளாஸோடு நின்றார். விடியுமுன் பஸ் வந்து ஹாரன் அடிக்கும், தூக்குவாளியோடு ஏறிவிடுவார். அவர் தீக்குச்சி அடுக்கிய கூலிதான் எனக்குக் காலேஜ் பீஸ்.

1986-ல் சட்டம் வந்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட், வேலைக்கு வைத்த ஒவ்வொரு சிறுவனுக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும் என்றது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டமோ 14 வயதோடு நின்றுவிடுகிறது. பட்டாசு வேலைக்கு 18 ஆகணும் என்கிறது 2016 திருத்தம். நடுவில் நாலு வருஷம். பையன் நழுவ அங்கேதான் இடம்.

நாம் உதவித்தொகையைக் கல்லூரியில் சேர்ந்த பிறகே தருகிறோம். அதில் பாதியை ஒன்பதாம் வகுப்புக்கு இறக்குங்கள் என்பதே என் விண்ணப்பம். அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

"பீஸு மட்டும் கட்டினாப் பத்தாதுடா தம்பி. அவன் வீட்டுல எம்புட்டு அட்வான்ஸ் நிக்குதுன்னு மொதல்ல கேளு" என்றார்.