பிள்ளைகளுக்கு எழுத்து வருவது எப்படி?

(திருவொற்றியூர்க் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



சின்னக் குழந்தைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்படி சொல்லியிருக்கிறார்கள். நானோ பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. எனக்குத் தெரிந்த சங்கதிகளைச் சொல்லுகிறேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, மூன்று வயதுப் பிள்ளையின் விரலைப் பிடித்து அழுத்தி எழுதவைத்து, புரோகிதருக்குத் தட்சணையும் கொடுத்துவிட்டால், சரஸ்வதி வந்து நாக்கிலே உட்கார்ந்துவிடுவாள் என்கிறார்கள். உட்கார்ந்தாளா? இத்தனை நூற்றாண்டு அவளுக்குப் பூசை போட்ட தேசத்தில், 1901ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கல்விக்குத் தெய்வம் பெண். ஆனால் பெண்ணுக்குக் கல்வியில்லை! இது என்ன நியாயம் என்று கேட்கிறேன்.

அரிசியில், மணலில் விரலால் எழுதுவது தப்பென்று நான் சொல்லவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதித்தான் பழகினார்கள். எழும்பூரில் 1789 முதல் இராணுவ அனாதைப் பிள்ளைகளின் விடுதியைப் பார்த்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்தப் பழக்கத்தைத் தம் பள்ளியிலும் வைத்து, 1797இல் புத்தகமாகவும் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துக்கே போயிற்று. அங்கே வேலை செய்தது மணலும், விரலும், தினசரிப் பழக்கமுந்தானே தவிர, நாளும் நட்சத்திரமும் அல்ல.

எழுத்தே தெய்வீகம் என்றால் அதில் கைவைக்க முடியாது. ஆனால் 1935இல் பெரியார் கைவைத்தார். ணா, றா, னா, ணை, லை போன்ற எழுத்துகளுக்கு முன்பு தனித்தனியே கொம்பும் சுழியும் இருந்தன. 'கா' எழுதக் கற்ற குழந்தை, அதே காலைப் போட்டு 'னா' எழுதினால் அடி விழும்! குழந்தை செய்ததுதான் சரி, எழுத்துத்தான் தப்பு என்று பெரியார் 'குடி அரசு' பத்திரிகையிலேயே மாற்றி அச்சடித்தார். பண்டிதர்கள் தமிழ் செத்துப்போகும் என்றார்கள். 1978இல் சர்க்கார் 13 எழுத்துகளில் அந்த மாற்றத்தை ஏற்றது. தமிழ் சாகவில்லை, குழந்தைக்குச் சுமைதான் குறைந்தது.

கணக்கு விஷயத்தைப் பாருங்கள். நூறு வரையில் மளமளவென்று ஒப்பிக்கிற பிள்ளையிடம் ஏழு கிளிஞ்சல் எடுத்துவா என்றால் விழிக்கிறது. ஒப்பிப்பது பாட்டு, எண்ணுவது வேறு. ஒரு கிளிஞ்சலுக்கு ஒரு எண், கடைசியில் சொன்னதுதான் மொத்தம் என்பது அதற்குப் புரியவேண்டும். காசிமேட்டில் மீன் விற்கிற தாய்மார்களே, பன்னிரண்டு சங்கராவை மூன்று கூறாகப் போடும்போது பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்துக் கூறு போடச் சொல்லுங்கள். வகுத்தல் கணக்கு வேறென்ன?

இவ்வளவுக்கும் வயிற்றிலே ஏதாவது இருக்கவேண்டும். வண்ணாரப்பேட்டைக் கல்லூரி யார் பெயரில் இருக்கிறதோ, அந்தத் தியாகராயர்தான் 1920இல் சென்னை நகரசபைத் தலைவராக இருந்து, ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல், மதிய உணவு போட வைத்தார். 1956இல் காமராசர் அதைப் பெரிதாக்கினார். 1975இல் அங்கன்வாடித் திட்டம், 2022இல் காலைச் சிற்றுண்டி. பள்ளிக்குப் பிள்ளை வந்தது சோற்றுக்காக என்று கேலி செய்தவர்களும் உண்டு. கேலி செய்தவர் யாரும் பட்டினியோடு பள்ளிக்கூடம் போனவரல்ல!

இப்பொழுது புது மோசம் ஒன்று கிளம்பியிருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒரு தோழர், மூன்று வயதுப் பெண்ணை எல்.கே.ஜி.யில் சேர்க்க வட்டிக்குக் கடன் வாங்கியதாகச் சொன்னார். அந்தக் குழந்தைக்குத் தினம் நான்கு பக்கம் எழுத்து வேலையாம்! 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் சர்க்காரே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு தாயார் சீட்டு அனுப்பிக் கேட்கிறார்: "பையனுக்கு மூன்றரை வயது. பென்சிலே பிடிப்பதில்லை. ஜோசியர் பரிகாரம் சொல்லுகிறார், செய்யலாமா?"

அம்மா, பிறக்கும்போது மணிக்கட்டில் இருப்பது குருத்தெலும்புதான். எட்டுச் சிற்றெலும்புகளும் கெட்டிப்பட்டு முடியப் பத்துப் பன்னிரண்டு வயதாகிறது. பரிகாரம் எலும்பை அவசரப்படுத்துமா? சப்பாத்தி மாவைப் பிசையவிடுங்கள், கிளிஞ்சல் கோக்கவிடுங்கள், வாசலில் கோலமாவைக் கொடுத்துக் கிறுக்கவிடுங்கள். ராத்திரியில் கதை சொல்லுங்கள். ஜோசியருக்கென்று வைத்திருக்கும் பணத்திற்குப் பையனுக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுங்கள்.