இரண்டு இடத்துச் சம்பளம், ஒரு கணக்கு



நம்ம லயத்துப் பிள்ளைகள் பலர் திருகோணமலைக்கு வேலைக்குப் போறாங்க. அப்படிப் போன ஒரு மகனின் சம்பளச் சீட்டோடு அம்மா ஒருவர் வந்தாங்க. "ஐயா, வரி என்று 1,800 ரூபாய் வெட்டியிருக்கே, இது என்ன காசு?" என்று கேட்டாங்க. மகன் துறைமுகப் பக்கம் ஐந்து மாதம் கிரேன் ஓட்டினான், மாதம் 180,000 ரூபாய். பிறகு ஊருக்குக் கிட்ட 70,000 ரூபாய் வேலைக்கு வந்துட்டான்.

கணக்கைக் கேளுங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 லட்சம் வரை வரி இல்லை, அதாவது மாதம் 150,000. முதலாளி தான் கொடுக்கும் மாதச் சம்பளத்தைத்தான் பார்ப்பார். அதனால் மேலதிக 30,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 6 வெட்டினார். ஐந்து மாதத்தில் 9,000 ரூபாய். ஆனால் இரண்டு வேலையையும் சேர்த்தால் வருடத்துக்கு 1,390,000 தான். அந்தக் காசு அவனுக்குத் திரும்ப வரவேண்டியது.

சும்மா இருந்தால் வராதுங்க. வரி வெட்டிய முதலாளியிடம் டி-10 சான்றிதழ் வாங்கணும். மற்ற இடத்துச் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்து வைக்கணும். வரி இலக்கம் எடுத்து, நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு வருமான விபரம் கொடுக்கணும்.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறவர்கள் இரண்டையும் மறைக்காமல் காட்டுங்கள். இல்லாவிட்டால் பிறகு தண்டமும் சேர்ந்து வரும்.

ஒவ்வொரு இடத்து ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தையும் எழுதி வையுங்கள். உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் அதில்தான் கிடக்குது.

சம்பளச் சீட்டை அடுப்பில் போடாதீங்க. அதுவும் நீங்க உழைத்த காசுதான்.