தண்ணீர் பொது, செலவும் பொது

(அறக்கட்டளையின் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே, சகோதரிகளே!

நமது போர்வெல்லிலிருந்து வீடுகளுக்குக் குழாய் போட்ட நாளில் எல்லோரும் கையேந்தி துஆ செய்தோம். இன்று அதன் கரண்ட் பில்லைப் பிரிப்பதில் மனக்கசப்பு வந்திருக்கிறது. இதற்கு நிர்வாகிகளாகிய நாங்களும் பொறுப்பு. வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைத்தோம். மூன்று குடித்தனம் இருக்கும் மாடி வீடும் தனியாக வாழும் மூதாட்டியும் ஒரே அளவு கொடுத்தார்கள். அது சமம்தான், நீதி அல்ல.

“தண்ணீர் அல்லாஹ் தந்தது, அதற்கு ஏன் காசு?” என்கிறார்கள் சிலர். தண்ணீர், புல், நெருப்பு மூன்றும் மக்களுக்குப் பொது என்பது நபிமொழி. நாம் தண்ணீருக்கு விலை வாங்கவில்லை. அதை வீடுவரை கொண்டுவரும் செலவைத்தான் பங்கிடுகிறோம்.

“கடைசித் தெருவில் குழாய் உடைந்தால் முதல் தெருக்காரர் ஏன் தர வேண்டும்?” இதுவும் புதிய கேள்வி அல்ல. பலருக்குப் பொதுவான வாய்க்காலைத் தூர்வாரும் செலவு பற்றி ஹனஃபி சட்ட நூலான ஹிதாயாவில் இதே விவாதம் இருக்கிறது. வேலை ஒருவரின் நிலத்தைக் கடந்துவிட்டால் அதற்கு மேல் அவர் தர வேண்டியதில்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும், தலை முதல் கடைசி வரை எல்லோரும் தத்தம் பங்கின்படி தர வேண்டும் என்றார்கள். மேல் நிலத்துக்காரருக்கும் உபரி நீர் வடியக் கீழ் வாய்க்கால் தேவை அல்லவா? நம் குழாயிலும் கடைசியில் ஒழுகினால் மோட்டார் கூடுதல் நேரம் ஓடும்; முதல் வீட்டிலும் பிரஷர் குறையும்.

ஆகவே நாங்கள் மஷூராவுக்கு வைப்பது இதுதான். கரண்ட் செலவு, மீட்டர் காட்டும் அளவுப்படி. மோட்டார், மெயின் குழாய்ப் பழுது, எந்தத் தெருவானாலும் குடித்தனத்துக்கு ஒரு பங்கு. இயலாதவர்களின் பங்கு ஸதகா நிதியிலிருந்து. பெயர் வெளியே வராது.

குடிக்க மட்டும் உரிமை உள்ளவர்கள் மீது தூர்வாரும் செலவு இல்லை என்றும் அந்நூல் சொல்கிறது. எனவே பள்ளிவாசல் முன்னுள்ள குழாய் யாருக்கும் இலவசம்.

மாதக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். தவறு இருந்தால் தெருவில் பேசாமல் எங்களிடம் கேளுங்கள். அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.