தராசடியில் தொடங்கும் பொருளியல்

1883ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் நாள் கொழும்பு நகரில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. அன்றுதொட்டு நூற்று முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மேலாக, மலைநாட்டுத் தேயிலையின் விலை வணிகர் ஓரிடத்தில் கூடியிருந்து கேட்கும் கேள்வியினாலேயே தீர்மானமாகி வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாத் தொற்றுநோயை முன்னிட்டு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது அவ்வணிகர் கூட இயலவில்லை. ஆயினும் தேயிலைச் செடி ஊரடங்கை அறியாது. அது தளிர்விட்டுக்கொண்டே இருந்தது. ஆகவே, அடுத்துவந்த ஏப்ரல் மாதத்தில் அந்த ஏலம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக இணையவழியில் நடத்தப்பட்டது.

அதே காலத்திற் பாடசாலைகளும் மூடப்பட்டிருந்தன. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பகுதித் தோட்டங்களிலே மாணவர்கள் கைத்தொலைபேசியை ஏந்திக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி மேட்டுக்கும் பாறைக்கும் ஏறிச் சென்றதைக் கண்டவர் எளிதில் மறந்திருக்கமாட்டார். தாய் பறித்த கொழுந்துக்கு இணையத்தில் விலை பேசப்பட்டது. மகள் கற்ற பாடமும் இணையத்திலேயே வந்து சேர்ந்தது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா? உண்டு. அத்தொடர்பை விளங்கிக்கொள்வதற்கு உதவும் கல்வியே பொருளியல்.

இன்று இணையத்திலே பொருளியல் கற்க விரும்புவோர்க்குச் சாதனங்களுக்குக் குறைவில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் தமிழிலும் பாடங்களைத் தருகின்றது. தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டிகளும் இணையத்திற் கிடைக்கின்றன. 1950ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கை மத்திய வங்கி தன் அறிக்கைகளை மும்மொழிகளிலும் வெளியிட்டு வருகின்றது. ஆங்கிலம் அறிந்தோர்க்கு உலகப் பல்கலைக்கழகங்களின் விரிவுரைகளும் திறந்து கிடக்கின்றன. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தன் பாடங்களை எவரும் பணமின்றிப் பயிலலாம் என 2001ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. ஒரு காலத்திற் பேராதனைக்கோ கொழும்புக்கோ சென்று தேட வேண்டியிருந்த அறிவு, இன்று லயத்து வாசற்படியில் வந்து நிற்கின்றது.

வந்து நிற்பது அறிவுதான். ஆனால் அது ஒழுங்காக வந்து நிற்கவில்லை. கைத்தொலைபேசியைத் திறந்தவுடன் மாணவருக்கு முதலிற் காணப்படுவது அடிப்படைத் தத்துவம் அன்று, உலகச் செய்தி. டொலரின் விலை, எண்ணெயின் விலை, சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை, ஒரு நாட்டின் மீது மற்றொரு நாடு விதிக்கும் தடை ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிகின்றன. அத்திவாரம் இடாது கூரை வேயப் புகுந்தவனைப் போல மாணவன் திகைக்கின்றான். சொற்கள் பல அவன் நாவில் ஏறுகின்றன. பொருள் உள்ளத்தில் இறங்கவில்லை.

அவ்வாறாயின் எங்கிருந்து தொடங்குவது? மலைநாட்டுப் பிள்ளைக்கு அத்திவாரம் வெகு தொலைவில் இல்லை. கொழுந்து நிறுக்கும் தராசடியிலேயே அது இருக்கின்றது.

பாடநூலிலே அமையச் செலவு என ஒன்று கூறப்படுகின்றது. ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போது கைவிட நேர்ந்த மற்றொன்றே அதன் அமையச் செலவு. இதனை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. காய்ச்சற்காரக் குழந்தையை ஒரு தாய் அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கின்றாள். அங்கே மருந்து இலவசம். ஆனால் அன்று அவளுக்குப் பேர் விழவில்லை. இலவசம் எனப்படும் அம்மருந்தின் அமையச் செலவு அவள் இழந்த ஒரு நாட் பேர். வீட்டிலே கண்ட இந்த உண்மையை நினைவிற்கொண்டு பாடத்தைக் கேட்கும் மாணவிக்கு, அச்சொல் ஒருபோதும் மறவாது.

தொழிற் பிரிவினையும் அவ்வாறே. ஆடம் சிமித் என்னும் ஸ்கொட்லாந்து அறிஞர் 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, குண்டூசித் தொழிற்சாலை ஒன்றை உதாரணமாகக் காட்டினார். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த உதாரணம் தேவையில்லை. பறித்தல், நிறுத்தல், வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்று வேலை பகுக்கப்பட்டுள்ள தேயிலைத் தொழிற்சாலை அதன் கண்முன்னே நிற்கின்றது. கேள்வியும் நிரம்பலும் விலையை நிர்ணயிக்கும் முறைக்குக் கொழும்பு ஏலத்தினும் தெளிவான சான்று வேறு எங்கே உண்டு?

இனி, இவ்வடிப்படையிலிருந்து உலக விவகாரத்துக்கு ஏறும் படிகளைப் பார்ப்போம். உயர்தர வகுப்பில் பொருளியல் பயிலும் தோட்டத்து மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்ளலாம். மாலையில் நிறுவை முடிந்து வந்த தாய் அவளிடம் கேட்கின்றாள்: “தேயிலை விலை ஏறிவிட்டது என்று வானொலியிற் சொன்னார்களே, பிள்ளை, நம் சம்பளம் மட்டும் ஏன் ஏறவில்லை?”

இது எளிய கேள்வியன்று. இதற்கு விடை காண அம்மாணவி மூன்று படிகள் ஏற வேண்டும்.

முதற் படி, பணக்கூலிக்கும் மெய்க்கூலிக்கும் உள்ள வேறுபாடு. கையிற் கிடைக்கும் ரூபா பணக்கூலி. அந்த ரூபாவினால் வாங்கக்கூடிய அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் மெய்க்கூலி. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட் சம்பளம், கொடுப்பனவு 100 ரூபாவையும் சேர்த்து, 1,000 ரூபாவென வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக இருந்தது. அதாவது, ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருள்களுக்கு ஏறத்தாழ 170 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. ஆயிரத்தை 1.698 ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 589. ஆகவே, ஒருவர் அம்மாதத்திற் பெற்ற 1,000 ரூபா, முந்திய ஆண்டின் 589 ரூபாவுக்கே சமமாயிருந்தது. சம்பளத்தை எவரும் குறைக்கவில்லை. ஆயினும் சம்பளம் குறைந்துவிட்டது. உணவுப் பொருள்களின் விலையேற்றமோ இதனினும் கடுமையானது. வருவாயின் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் குடும்பங்கள் இதனால் மேலும் வருந்தின.

இரண்டாம் படி, நாணயமாற்று வீதம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மார்ச்சு மாதத்தில் ரூபாவின் பிடி தளர்த்தப்பட்டபின், மே மாதத்தில் அது 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. ஏப்ரல் 12ஆம் நாள் அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. தேயிலையை வாங்குவோர் வெளிநாட்டார். அவர்கள் தருவது டொலர். ஆகையால் ரூபாவிற் கணக்கிட்ட ஏல விலை பாய்ந்தேறியது. 2021இற் கிலோவுக்குச் சராசரியாக 620 ரூபா அளவில் இருந்த கொழும்பு விலை, 2022இல் 1,270 ரூபா அளவை எட்டியது. தாய் வானொலியிற் கேட்ட செய்தி இதுதான்.

மூன்றாம் படி, உற்பத்திச் செலவும் பங்கீடும். ஒரு கிலோ தேயிலைத் தூள் பெற ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு நாளிற் பறிப்பது 18 கிலோ எனக் கணக்குக்காகக் கொண்டால், கிடைப்பது 4 கிலோ தூள். 2021இன் விலையில் அதன் பெறுமதி ஏறத்தாழ 2,480 ரூபா. 2022இன் விலையில் ஏறத்தாழ 5,080 ரூபா. நாட் சம்பளம் இரண்டு ஆண்டிலும் 1,000 ரூபா. இதை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறிவிடலாமா? கூடாது. உரம், எரிபொருள், மின்சாரம், வங்கி வட்டி என்பனவும் அக்காலத்திற் பன்மடங்கு ஏறின. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோதிலும் அதன் விளைவு செடியிற் தெரிந்தது. 2021இல் 299 மில்லியன் கிலோ அளவிலிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 251 மில்லியன் கிலோ அளவுக்கு வீழ்ந்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுவாகும்: கூடிய வருமானத்திற் கூடிய செலவு போக எஞ்சியது எவ்வளவு? அதில் உழைத்தோரின் பங்கு எவ்வளவு? 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, அது மெய்க்கூலியில் எவ்வளவை மீட்டுத் தந்தது? இவ்வாறு கேட்கத் தெரிந்த மகள் வீட்டில் இருந்தால், சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றிய செய்தியை அத்தாய் வேறு விதமாகக் கேட்பாள்.

உலக விவகாரம் பாடநூலின் முதற் பக்கத்துக்கே மாணவரைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. பண்டமாற்றுப் பண்டைக்கால வழக்கம் என்றே பலரும் கற்றனர். ஆனால், ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை செலுத்த வேண்டியிருந்த 250 மில்லியன் டொலர் அளவான கடன், அந்நாட்டின் மீது விதிக்கப்பட்ட தடைகளினால் தேங்கிக் கிடந்தது. அதனைத் தேயிலையாகத் தீர்ப்பதற்கு 2021 டிசெம்பரில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. எண்ணெய்க்குத் தேயிலை! மத்திய மலைநாட்டின் கொழுந்து, நாட்டின் கடனைத் தீர்க்கும் நாணயமாயிற்று.

பொருளியல் அறிவைத் தொழிலாளர்க்கு ஊட்டும் முயற்சி மலையகத்துக்குப் புதிதன்று. கோதண்டராம நடேசய்யர் 1920களிலேயே பத்திரிகை வாயிலாகத் தொழிலாளரின் கூலியையும் கடனையும் உரிமையையும் பற்றி எழுதினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிப் பாடினார். தொழிலாளியைக் கடனாற் பிணித்து வைத்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1930களின் தொடக்கத்தில் உலகப் பெருமந்தம் வந்தபோது, தேயிலை விலை சரிந்து கூலியும் வெட்டப்பட்டது. எங்கோ நிகழ்ந்த வீழ்ச்சி லயத்து அடுப்பை அணைத்ததேன் என்பதை அன்று விளங்கிக்கொண்டவர் மிகச் சிலர். இன்று விளங்கிக்கொள்வதற்கு வழி திறந்திருக்கின்றது.

அவ்வழியில் முள்ளும் உண்டு. இணையத்திற் பொருளியல் என்னும் பெயரால், விரைவிற் செல்வந்தராகும் மார்க்கங்களும் விற்கப்படுகின்றன. ஒருவர் ஐவரைச் சேர்க்க வேண்டும், அவ்வைவரும் தலைக்கு ஐவரைச் சேர்க்க வேண்டும் என்னும் பிரமிட் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தை ஐந்தாற் பெருக்கிக்கொண்டே சென்றால், பதினோராம் படியில் மட்டும் 4 கோடி 88 இலட்சம் பேர் வேண்டும். இலங்கையின் சனத்தொகையோ 2 கோடி 20 இலட்சத்தையும் எட்டவில்லை. இத்தகைய திட்டங்கள் சட்டவிரோதமானவை என மத்திய வங்கி இடையறாது எச்சரித்து வருகின்றது. பெருக்கல் வாய்பாடு அறிந்த பிள்ளை ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காக்கக்கூடும்.

மற்றொரு தடை, வசதியின்மை. ஒரு வீட்டில் ஒரு கைத்தொலைபேசியே உண்டு, பிள்ளைகள் மூவர். டேட்டாவுக்குக் கொடுக்கும் பணத்துக்கும் அமையச் செலவு உண்டு. ஆகையாற் கற்போர் கூடிக் கற்றல் நன்று. வாரம் ஒருமுறை பாடசாலை நூலகத்திலோ தோட்டத்து வாசிகசாலையிலோ நால்வர் கூடி, ஒரு பாடத்தைக் கேட்டு, ஒரு கொப்பியில் மூன்று எண்களைக் குறித்து வரலாம்: அவ்வாரத்து ஏல விலை, அன்றைய டொலர் வீதம், தோட்டத்துக் கடையில் ஒரு கிலோ அரிசியின் விலை. இவற்றை ஓராண்டு குறித்து வந்த மாணவர்க்கு உலகச் செய்தி வெறும் ஓசையாக இராது. அவ்வெண்கள் ஏன் ஏறின, ஏன் இறங்கின எனத் தேடும்போது இணையம் உண்மையான ஆசானாகிவிடும்.

தலைமுறை தலைமுறையாக மலையக மக்களின் உழைப்பைப் பிறர் நிறுத்து வந்துள்ளனர். தராசின் முள் எங்கே நின்றது என்பதை மாத்திரமே அவர்கள் பார்த்தனர். அவர்தம் பிள்ளைகள் தராசையும் அதற்கப்பால் ஏலத்தையும், ஏலத்துக்கப்பால் உலகச் சந்தையையும் கணக்கிட்டுப் பார்க்கக் கற்பார்களாயின், தாயின் கேள்விக்கு வீட்டிலேயே விடை பிறக்கும்.