தவழ்ந்து சென்ற கலைஞர்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

கல்வி நம்மை நிமிரச் செய்யும் என்று இம்மேடையில் பலரும் உரைத்தனர். முற்றிலும் உண்மை. ஆயினும், நிமிர்ந்து நிற்கக் கற்ற ஒருவர் தாமே விரும்பித் தரையில் தவழ்ந்த வரலாற்றை இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றோம்.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் வில்லியம் போப்.எல் 1955ஆம் ஆண்டு பிறந்தவர்; கல்லூரியில் கற்பித்த ஆசிரியருமாவார். அவருடைய உறவினரிலேயே வீடின்றித் தெருவில் வாழ்ந்தோர் இருந்தனர். 1978ஆம் ஆண்டு அவர் கோட்டு அணிந்து, முதுகில் மஞ்சள் நிறச் சதுரம் ஒன்றைத் தைத்துக்கொண்டு, நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கப் பகுதியில் தவழ்ந்து சென்றார். தெருவில் கிடப்போரைக் காணாமலே கடந்து செல்லப் பழகிய கண்கள், நல்லுடை அணிந்த ஒருவர் தரையில் ஊர்வதைக் கண்டு திகைத்தன. அத்திகைப்பே அவர் வேண்டியது.

2001 முதல் 2009 வரை, சூப்பர்மேன் உடையணிந்து, பிராட்வே சாலையின் 22 மைல் தொலைவைத் தவழ்ந்து கடக்கும் பணியை மேற்கொண்டார். உடல் தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாகவே செல்ல இயன்றது. பறக்கும் வீரனின் உடையில் ஒருவர் ஊர்ந்து செல்வதைக் கண்டோர்க்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இதனைக் கேள்வியுற்றபோது நாமும் முகம் சுளித்தோம். மேலாடையை இடுப்பில் கட்டியும் செருப்பைக் கையில் ஏந்தியும் ஊர்த்தெருவைக் கடக்க வைக்கப்பட்டவர்கள் நம் பாட்டனார். அவர்தம் பேரரான நமக்குத் தவழ்தல் கலையாகத் தோன்றுமா?

இதே கேள்வியை அங்கேயே ஒருவர் எழுப்பினார். 1991ஆம் ஆண்டு டாம்ப்கின்ஸ் சதுக்கத்தின் ஓரமாகக் கையில் பூந்தொட்டியுடன் போப்.எல் தவழ்ந்தபோது, அவ்வழியே வந்த கறுப்பினத்தவர் ஒருவர் மனம் பதறித் தடுத்தார். தாமும் அத்தகைய கோட்டணிந்தே வேலைக்குச் செல்வதாகக் கூறிக் கலங்கினார். அவருடைய கோபத்தைப் பிழையென நாம் சொல்லமாட்டோம்.

நம் இல்லங்களிலும் இவ்வாதம் உண்டன்றோ? சாவுக்குப் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட முதியோர், "அதை இனித் தொடாதே" என்கின்றனர். இளைஞரோ, "இது எம் கலை" என்று மேடையில் முழக்குகின்றனர். இருவர் நெஞ்சிலும் உள்ளது தன்மானமே. கட்டாயத்தால் குனிந்த முதுகு வேறு. உலகின் கண்ணைத் திறக்கத் தானே குனிந்த முதுகு வேறு. இவ்வேறுபாட்டை இளைஞர் உணர்தல் வேண்டும். முதியோரின் காயத்தையும் மறவாதிருத்தல் வேண்டும்.

2019ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஏறத்தாழ 140 பேர் அவருடைய அழைப்பை ஏற்று, முறைவைத்து மாறி மாறி ஒன்றரை மைல் தவழ்ந்தனர். பல இனத்தவர், பல வயதினர். தனியொருவர் தாங்கிய வலியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். 2023 டிசம்பரில் போப்.எல் மறைந்தார்.

இளைஞர்களே! எக்கலையையும் மேற்கொள்ளுங்கள். ஆனால் மேடையேறுமுன் வீட்டிலுள்ள முதியவர் அருகில் ஒருநாள் அமர்ந்து, அவர் ஏன் மறுக்கின்றார் என்பதைக் கேட்டறியுங்கள். அதன்பின் முடிவு உங்களுடையது. அம்முடிவைத் தாமே எடுக்கும் உரிமைக்காகவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகின்றது.